பயாஃப்ராவே, யாங்ஙனம் ஆற்றுவேம்?

பயாஃப்ராவே! வேல் தைத்து வீழ்ந்தோரைப் பாடத் துறைகள் பல உண்டு. நீயோ உப்பின்றி மாய்ந்தனை, கடலின்றி மாய்ந்தனை, செல்லாக் காசைக் கையில் ஏந்தி மாய்ந்தனை. மறம் குன்றாது மாண்ட நின்னை எத்துறையில் வைத்துப் பாடுவேம்?

1966இல் நைஜீரியாவின் வடபுலத்தே வெட்டுண்ட இக்போ மக்களின் குருதி உலருமுன், உயிரொன்றே உடைமையாகப் பத்து லட்சத்தின் மேலானோர் நின் மடி புகுந்தனர். 1967 மே 30இல் பாதி எழுந்த ஞாயிற்றைக் கொடியில் பொறித்துத் தனிநாடென நிமிர்ந்தனை. அன்று நைஜீரியா 5.5 கோடி மாந்தர் நாடு. நின் கிழக்கு மண்டலத்தாரோ ஏறத்தாழ 1.24 கோடியர். அவருள்ளும் இஜாவும் எஃபிக்கும் பிறருமாகப் பலர் நின்னைத் தமதெனக் கொண்டிலர். அதை நன்கறிந்தவர் நைஜீரியத் தலைவர் கோவன். நீ நிமிர்வதற்கு மூன்று நாள் முன்னரே நாட்டைப் 12 மாநிலங்களாகக் கூறிட்டு, அம்மக்களுக்கும் தனி மாநிலங்கள் வகுத்தார். எண்ணெய் ஊறிய நிலத்தின் பெரும்பகுதி அவர்தம் நிலம்!

போர் மூள, ஜூலையில் போனித் தீவு போயிற்று. அக்டோபரில் தலைநகர் எனுகு போயிற்று. 1968 மேயில் போர்ட் ஹார்கோர்ட்டும் போக, அலையோசை கேளா நாடாயினை. மாற்றாருக்குப் பிரிட்டனும் சோவியத்தும் படைக்கலம் ஈந்தன. நினக்குப் பிரான்சு மறைவில் ஈந்தது. எண்ணெயை நாட்டு உலையில் காய்ச்சி வடித்தனை. ஒக்புனிக்வே என்னும் வெடியை நின் பொறியாளரே சமைத்தனர். அறிவுக்கு அங்குப் பஞ்சமில்லை.

ஆயினும் 1968 ஜனவரியில், ஒரு குண்டும் வெடியாமல் நிகழ்ந்ததே பேரிழப்பு. நைஜீரியா தன் பணத்தாளை மாற்றியது. நின் கருவூலத்தில் அடுக்கியிருந்த பழைய தாள்களுக்கு உலகச் சந்தையில் மதிப்பு அற்றது. படை தோற்றால் மீளப் பொருதலாம். ஒவெரியை இழந்து 1969இல் மீட்டனை அன்றோ? காசு தோற்றபின் எதைக் கொண்டு மீள்வது?

கிழங்கு விளைந்த மண்தான். ஊனுக்கோ வடபுலத்து மாட்டையும், கடல் கடந்து வரும் நார்வேக் கருவாட்டையும் நம்பியிருந்தனை. நைஜீரியாவின் முற்றுகை இவ்விரண்டையும் அடைத்தது. குழவியர் வயிறு வீங்கிற்று, தலைமயிர் செம்பட்டையாயிற்று. ஊலியில் நெடுஞ்சாலையையே ஓடுதளமாக்கினை. அங்கு நள்ளிருளில் இறங்கிய வானூர்திகள் எத்தனை வாய்க்குப் போதும்? பட்டினியைப் படைக்கலமாக்கினோர் மேலதே முதற்பழி. எனினும் ஒன்று சொல்லாது விடேன்: நஞ்சு கலப்பர் என அஞ்சித் தரைவழி உணவை மறுத்தார் நின் தலைவர் ஒஜுக்வு. அந்த மறுப்புக்கும் குழவியரே விலை கொடுத்தனர்.

புரவலன் இறக்கப் புலவன் அரற்றுதல் எம் மரபு. நினக்கு அதுவும் வாய்த்திலது. கவிஞன் கிறிஸ்டபர் ஒக்கிக்போ 1967இலேயே நுசுக்காப் போர்முனையில் பட்டான். புலவன் முன் செல்ல, நாடு பின் சென்றது.

1970 ஜனவரி 15இல் அடங்கினை. வென்றாரும் இல்லை, தோற்றாரும் இல்லை என்றார் கோவன். நற்சொல்லே. ஆயின் வங்கியில் எத்துணைப் பயாஃப்ராப் பணம் இட்டிருப்பினும் ஆளுக்கு 20 பவுண்டே என்றனர். 1972இல், அயல்நாட்டு நிறுவனங்களின் பங்குகளை நைஜீரியர்க்கு விற்கும் ஆணை பிறந்தது. நாடெங்கும் கடை விரித்து வாழ்ந்திருந்த இக்போ வணிகர்க்கு அவற்றை வாங்கக் கையில் முதல் இல்லை, பிறர் வாங்கினர்.