அல்லிராணி ஆளும் கரை

சிலாவத்துறைக் கடைத்தெருவில் தேநீர் குடித்துக்கொண்டே டோரிக் மாளிகைக்கு வழி கேட்டேன். கடைக்காரர் ஒரு கணம் யோசித்தார். "அல்லிராணி கோட்டை எண்டு கேளுங்க தம்பி. அரிப்புப் பக்கம் போனா கடலோரத்துல நிக்கும்" என்றார்.

செம்மண் மேட்டின் விளிம்பில் நின்றது, கூரையில்லாமல். பூச்சு உதிர்ந்த இடத்தில் விரல் வைத்தால் செங்கல் பொடியாக ஒட்டிக்கொள்கிறது. சுவரின் ஒரு பகுதி எப்போதோ சரிந்து போயிருக்கிறது. அலை இன்னும் மேட்டை அறுத்துக்கொண்டிருக்கிறது.

பிரிட்டிஷ் இலங்கையின் முதல் ஆளுநர் பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பை அருகிலிருந்து பார்க்க 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை இது. கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி என எங்கள் தமிழ்நாட்டுக் கரையிலிருந்தும், அரபு நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்திறங்க, வெறும் மணலில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழும். அந்த நகரமும் போயிற்று, நோர்த்தும் போனார். கரையில் தங்கியவள் கதையிலும் கூத்திலும் வரும் அரசி அல்லி. தெற்கே குதிரைமலையிலிருந்து ஆண்டாளாம், முத்தைக் கொடுத்துக் குதிரை வாங்கினாளாம், அர்ச்சுனனை மணந்தாளாம்.

கல்வெட்டுச் சான்று கேட்பவர்கள் கேட்கட்டும். எனக்கு இதில் வியப்பு வேறு. மேடையில் பட்டும் முடியும் தரித்து வந்த அரசி, ஓர் ஆளுநரின் வீட்டையே தன்னுடையதாக்கிக்கொண்டாள்! மன்னார்க் கரையில் வேடம் அவ்வளவு வலுவானது. மாதோட்டத்துக் கத்தோலிக்கக் கூத்தில் என்றீக்கு எம்பரதோர் வருவார், மூவிராசாக்கள் வருவார்கள். பகலில் வலை இழுத்தவரும் வயலில் நின்றவரும் இரவில் முடி தரித்து, வாள் பிடித்து, அண்ணாவியார் பாட்டெடுக்க விடியும்வரை ஐரோப்பியச் சக்கரவர்த்தியாக ஆடுவார்கள்.

அரண்மனையிலும் வேடம் உண்டு. 1842-இல் லண்டனில் விக்டோரியா அரசி ஒரு வேட விருந்து வைத்தார். அவர் பிலிப்பா அரசியாகவும் கணவர் ஆல்பர்ட் மூன்றாம் எட்வர்டாகவும் உடுத்தி வந்தார்கள். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்பது நோக்கம். அங்கே அரசி இன்னோர் அரசியானார். இங்கே மீனவர் அரசரானார். எனக்குப் பெரிதாகப் படுவது பின்னதுதான்.

இந்த வேடங்களையும் இடங்களையும் பதிவு செய்ய ஒரு முன்மாதிரி உண்டு. 1845-இல் கொழும்பில் அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளை தொடங்கியது. இந்தக் கரையின் தெற்கே கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி அதன் சஞ்சிகையில் எழுதினார். ஊர் ஊராக விவரம் திரட்டி 1834-இலேயே அகரவரிசை நூல் வெளியிட்டவர் அவர். அப்படியொரு சங்கம் இந்தக் கரைக்கென்றே வேண்டும். கூத்துக் கொப்பிகள், உடுப்புப் பெட்டிகள், அவற்றை வைத்திருக்கும் வீடுகள், இவற்றிலிருந்தே தொடங்கலாம். 1679-இல் ரொபர்ட் நொக்ஸ் கண்டியிலிருந்து தப்பிவந்து சேர்ந்த அரிப்புக் கோட்டையும் பக்கத்திலேயே இருக்கிறது; அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் முதலில் போக வேண்டியது புத்தளத்துக்கு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சிலாவத்துறைக்காரர்களும் அங்கே போனார்கள்; போர் முடிந்த பின் திரும்பியவர்கள் உண்டு, அங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. எந்த வீடு எங்கே நின்றது, எந்தக் கிணறு யாருடையது என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இரண்டு இடங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை எழுத ஒரு கொப்பி போதும். அல்லிராணி கோட்டைச் சுவரை அளக்க ஒரு நாடா போதும், அதை அடுத்த மாரிக்கு முன்பே அளந்துவிட வேண்டும்.