இரவில் வரும் வைத்தியம்

ஆஸ்பத்திரியைத் தேடி நாம் போவதே வழக்கம். மட்டாஞ்சேரியில் அது நம்மைத் தேடி இரவில் வருவதுண்டு, நண்பர்களே!

யானைக்கால் நோய்க்கு ஆங்கிலத்தில் ‘கொச்சிக் கால்’ என்றே ஒரு பெயர் இருந்தது. ஊர்ப் பெயருக்கு இதைவிடக் கொடுமை வேண்டுமா? கொசுவால் உடலில் புகும் புழுவின் குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரலில் பதுங்கிக் கிடக்கும். இரவு ஏறிய பிறகே தோலருகே ஓடும் இரத்தத்துக்கு வரும். ஆகவே சுகாதார ஊழியரும் அந்நேரத்துக்கே வருகிறார்கள். புழு வைத்ததே சட்டம்! இந்தியாவில் தேசியத் திட்டமாக இந்நோய்த் தடுப்பு தொடங்கியது 1955-இல்.

நான் தங்கியிருந்த விடுதிக்கு அவர்கள் வந்த இரவு, எதிர் அறை அண்ணாச்சி கதவைத் திறக்கவில்லை. மிளகுக் கிடங்கில் மூட்டை சுமப்பவர்.

“எனக்கு ஒரு சீக்கும் இல்லையே, தம்பி!”

ஊழியரின் மலையாளத்தை நான் தமிழாக்கினேன்: “சீக்கு இருப்பது இப்போது தெரியாது, அண்ணாச்சி. கால் வீங்கிவிட்டால் மாத்திரையால் பழைய கால் திரும்பாது.”

கால் என்றதும் கதவு திறந்தது. விரல் நுனியில் ஒரு குத்து, கண்ணாடித் துண்டில் இரத்தம், காசு கேட்கவில்லை.

நான்காம் நாள் சேதி வந்தது: புழு இருக்கிறது. 12 நாள் மாத்திரை கொடுத்தார்கள். அண்ணாச்சி ஒருநாள்கூட மூட்டையை இறக்கி வைக்கவில்லை.