சுக்கினி கிடைக்காத ஊரில் ஒரு நூடுல்ஸ்

மே மாசம் பண்ருட்டிப் பக்கம் வந்திருக்கீங்களா? கும்பகோணம் ரோட்டோரம் குவியல் குவியலாகப் பலாப்பழம் கிடக்கும். பஸ் ஜன்னலைச் சாத்தினாலும் வாசனை உள்ளே வந்துவிடும். 2025இல் எங்க பலாவுக்கும் முந்திரிக்கும் புவிசார் குறியீடு கிடைத்ததில் ஊருக்கே ஒரு தெனாவட்டு. இப்படி ஒரு ஊரில், அதுவும் பலா மண்டியில் லோடு ஏத்தி இறக்குற ஒருத்தருக்குச் சுகர் வந்தால் எப்படி இருக்கும்? அந்த ஒருத்தர் எங்க அப்பா.

நான் எழுத வந்தது நூடுல்ஸ் பற்றித்தான். பலாவிலிருந்து நூடுல்ஸுக்கு எப்படிப் போகப்போறேன்னு கேக்காதீங்க, வர்றேன்.

முதலில் ஒரு விஷயம். இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். எங்க தெருவில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை கொண்டுவர்ற அக்கா பாதி வீட்டு வாசலில் நிற்காமல் நகர மாட்டார். இதைப் படிக்கிற உங்க வீட்டிலும் ஒருத்தர் இருக்க வாய்ப்பு உண்டு. அவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அப்பாவுக்கு வெறும் வயிற்றில் 212. மூணு மாத சராசரியைச் சொல்ற ஹெச்.பி.ஏ.1.சி. 9.1. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, “நல்லா நடங்க, சோத்தைக் குறைங்க” என்றார். மண்டியில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்ல, அப்பா “குறைங்க” என்பதை “நிறுத்துங்க” என்று ஆக்கிக்கொண்டார். ராத்திரி சோறும் இல்லை, இட்லியும் இல்லை. ரெண்டு வெள்ளரிக்காயைக் கடித்துவிட்டுப் படுத்துவிடுவார். மாத்திரையை மட்டும் விடவே இல்லை.

நாலாவது நாள் விடியற்காலை மண்டியில் லோடு இறக்கும்போது கை நடுங்கி, சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த அண்ணன் ஒருத்தர் விஷயம் தெரிந்தவர். டீக்கடையிலிருந்து சர்க்கரைத் தண்ணி வாங்கிவந்து குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் அப்பா எழுந்து நின்றார். சர்க்கரை நோயாளியைச் சர்க்கரைதான் காப்பாற்றியது.

நடந்தது என்னன்னா, சில சுகர் மாத்திரைகள் கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. உள்ளே மாவுச்சத்து வராமல் இன்சுலின் மட்டும் வந்தால் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை கிடுகிடுன்னு இறங்கும். அதனால் உங்க வீட்டில் யாராவது மாத்திரை போட்டுக்கொண்டு “இன்னையிலிருந்து சோறே வேணாம்” என்று கிளம்பினால், முதல் வேலையாக டாக்டரிடம் அனுப்புங்க. சாப்பாடு மாறினால் மாத்திரை அளவும் மாற வேண்டியிருக்கும். அப்பாவுக்கு டாக்டர் அதைத்தான் செய்தார்.

அதன் பிறகு வீட்டில் ரெண்டு சமையல் ஆரம்பித்தது. எங்களுக்குச் சோறு, குழம்பு. அப்பாவுக்கு ஓட்ஸ் கஞ்சி. நாங்க சாப்பிடுகிற நேரத்தில் அவர் வெளித் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வார். “சாப்பிட்டாச்சாப்பா?” என்று போனில் கேட்டால், “ம்ம், குடிச்சாச்சு” என்பார். சாப்பிடுவது போய் குடிப்பது ஆகிவிட்டது. எனக்கு 212ஐ விட அந்தப் பதில்தான் உறுத்தியது.

இங்கேதான் நூடுல்ஸ் வருது. ஹாஸ்டலில் ரூம்மேட் ஒரு வீடியோ காட்டினாள். வெள்ளரிக்காய் மாதிரி பச்சையாக ஒரு காய். பென்சில் ஷார்ப்னர் மாதிரி ஒரு கருவியில் வைத்துத் திருகினால் நீள நீளமாக நூல் வருது. பாஸ்தாவுக்குப் பதில் அதையே வதக்கிச் சாப்பிடுகிறார்கள். காயின் பெயர் சுக்கினி. வேகவைத்த பாஸ்தா 100 கிராமில் மாவுச்சத்து ஏறக்குறைய 30 கிராம். சுக்கினியில் 3 கிராம்தான். மிச்சம் பெரும்பாலும் தண்ணி. மந்திரம் ஒன்றும் இல்லை: தட்டு நிறைய இருக்கும், வயிறும் ரொம்பும், சர்க்கரையாக மாறுகிற சரக்கு மட்டும் கம்மி.

சுக்கினி ஒண்ணும் நமக்கு அந்நியம் இல்லை. அது பூசணி, சுரை, பீர்க்கு, புடலை எல்லாம் இருக்கிற அதே குடும்பம். பூர்வீகம் அமெரிக்கக் கண்டம், இப்போதைய வடிவம் இத்தாலியில் வந்தது. இத்தாலிய மொழியில் ‘சுக்கா’ என்றால் சுரை, பூசணி மாதிரியான காய். அதிலே சின்னது ‘சுக்கினி’. நம்ம பாஷையில் சொன்னால் பிஞ்சுச் சுரைக்காய். நான் படிக்கிற கோயம்புத்தூரில் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்குது. ஒரு தடவை ரெண்டு காய் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பா தின்று பார்த்துவிட்டு, “பீர்க்கங்காய்க்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி இருக்குது” என்றார். சரியாகத்தான் சொன்னார். ஆனால் பண்ருட்டியில் தினமும் சுக்கினிக்கு எங்கே போறது? அதனால் அந்த லீவு முழுக்க உள்ளூர்க் காய்களை வைத்து டெஸ்டிங் நடந்தது.

மெக்கானிக்கல் மக்களே, உங்களுக்கு இது சுலபமாகப் புரியும். லேத்தில் டர்னிங் பண்ணும்போது மெட்டீரியலைப் பொறுத்துச் சிப் நீளமாகச் சுருண்டு வரும், இல்லைன்னா உதிர்ந்து விழும். காயும் அதேதான்.

புடலங்காய்: உள்ளே வெற்றிடம், திருக முடியாது. கத்தியால் நீளவாக்கில் ரிப்பன் மாதிரி கீறலாம், அவ்வளவுதான்.

முள்ளங்கி: நூல் அருமையாக வரும். வாசனைக்கு மட்டும் வீட்டில் எதிர்க்கட்சி உருவாகும்.

பப்பாளிக்காய்: இருப்பதிலேயே நீளமான நூல். ஆனால் பால் வடியும், கை அரிக்கும். தோல் சீவி உப்புத் தண்ணியில் போட்டு எடுக்கணும்.

வாழைத்தண்டு: நூலுக்குப் பதில் நார் வரும். அதை விரலில் சுற்றி எடுத்துவிட்டு மெல்லிசாக நறுக்கி மோரில் போட்டால் கறுக்காது. பொரியலுக்கு ராஜா, நூடுல்ஸுக்கு இல்லை.

பிஞ்சுச் சுரைக்காய்: நடுவில் இருக்கிற விதைப் பஞ்சைத் தொடாமல் சுற்றிலும் சீவினால் வெள்ளை வெளேர்னு நூல். ஏறக்குறைய சுக்கினியேதான். மாவுச்சத்தும் 100 கிராமுக்கு மூணரை கிராம் அளவில்தான்.

ஜெயித்தது சுரைக்காய். ஸ்பைரலைசர் எல்லாம் வாங்க வேண்டியதில்லை. பல்லு வைத்த பீலர் ஒன்று பாத்திரக் கடையில் கிடைக்கும், அது போதும்.

செய்முறைக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து தாண்டிப் போகாதீங்க. எங்க ஆயா சுரைக்காயை நறுக்கினால் முதல் துண்டைத் தன் நாக்கில் வைத்துப் பார்ப்பார். கசந்தால் முழுக் காயும் குப்பைக்கு. நான் அதைப் பழைய காலத்துப் பழக்கம்னு நினைத்திருந்தேன். பிறகு தேடிப் படித்தால், கசக்கிற சுரைக்காயில் குக்குர்பிட்டசின் என்கிற நச்சு இருக்கு. 2010இல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்திருக்கிறார். 2015இல் ஜெர்மனியில் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சாப்பிட்டு 79 வயதுப் பெரியவர் ஒருவர் இறந்தார். வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. பாகற்காய் கசக்கலாம், சுரைக்காய் கசக்கக் கூடாது. ஆயா சொன்னது சரி.

இப்போ செய்முறை. நாலு பேருக்கு ஒரு நடுத்தரச் சுரைக்காய். நகம் வைத்தால் இறங்குகிற பிஞ்சாகப் பாருங்க. தோல் சீவி, நூலாக இழுத்து, அரை ஸ்பூன் உப்பு போட்டுப் பிசறி 15 நிமிஷம் வையுங்க. பிளஸ் டூவில் படித்த சவ்வூடு பரவல் இங்கே வேலை செய்யும்: உப்பு காயிலிருந்து தண்ணியை வெளியே இழுக்கும். அதைக் கையால் பிழிந்துவிடுங்க. பிழிந்த தண்ணியைக் கொட்டாமல் பருப்பில் ஊற்றலாம், ஆனால் பருப்புக்கு உப்பைக் குறைத்துப் போடணும். விதைப் பஞ்சு கூட்டுக்கு, தோல் துவையலுக்கு. எதுவும் வீணாகாது.

இரும்புக் கடாயை நல்லாக் காய விடுங்க. எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம். பிறகு நூலைப் போட்டு முழுத் தீயில் ரெண்டே நிமிஷம் பிரட்டுங்க. மூடி போடக் கூடாது, ஒரே தடவையில் கடாய் நிறையவும் போடக் கூடாது. போட்டால் கடாயின் சூடு இறங்கி, காய் வதங்காமல் ஆவியில் வெந்து கூழாகிவிடும். இறக்கி வைத்து எலுமிச்சை பிழியுங்க. கடைசியாக ஒரு கை வறுத்த மல்லாட்டைப் பொடி. வெளியூர் மக்களுக்கு: மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. இந்தப் பொடியை விட்டுவிடாதீங்க. வெறும் காய் ஒரு மணி நேரத்தில் பசிக்கும். புரதமும் கொழுப்பும் சேர்ந்தால்தான் தாங்கும். முட்டை சாப்பிடுகிறவர்கள் ரெண்டு முட்டையை உடைத்து ஊற்றலாம்.

முதல் நாள் அப்பா தட்டைப் பார்த்துவிட்டு, “என்னாம்மா இது?” என்றார்.

“நூடுல்ஸுப்பா.”

“சுரைக்காயைச் சுரைக்காய்னே சொல்லு. நல்லாத்தான் இருக்குது. ஆனா இத மட்டும் தின்னுட்டு மூட்டை தூக்க முடியாது.”

அந்த ஒரு வரியில் அவர் முழு விஷயத்தையும் சொல்லிவிட்டார். வீடியோவில் வருகிறவர்கள் பெரும்பாலும் எடை குறைக்க நினைப்பவர்கள். அப்பா உடம்பால் உழைக்கிறவர். அவருக்கு மாவுச்சத்து வேணும், ஆனால் கம்மியாக. அதனால் அம்மா ஒரு தீர்வு கண்டுபிடித்தார். இடியாப்பமும் நூல்தானே? பாதி இடியாப்பம், பாதி சுரைக்காய், ரெண்டையும் ஒன்றாகப் போட்டு எலுமிச்சைத் தாளிப்பில் பிரட்டினார். எது எதுன்னு கண்டுபிடிக்க முடியவில்லை.

கணக்கைப் பாருங்க. சோறு 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். 300 கிராம் சோறு சாப்பிட்டால் 84. அதில் பாதிக்குச் சுரைக்காய் போட்டால் 42 கூட்டல் 5, மொத்தம் 47. இடியாப்பமும் அரிசிதான் என்பதால் குறைகிற விகிதம் ஏறக்குறைய இதே. தட்டில் அளவு குறையவே இல்லை, மாவுச்சத்து மட்டும் பாதிக்குப் பக்கமாக இறங்கிவிட்டது.

“உங்க ஊர்லதான் பலா இருக்கே, அதுல செய்யக் கூடாதா?” என்று கேப்பீங்க. பழுத்த சுளையில் 100 கிராமுக்கு 23 கிராம் மாவுச்சத்து, அதில் பெரும்பகுதி சர்க்கரை. பழுக்காத பலா கதையே வேற. ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் அரசு மருத்துவக் கல்லூரியில் 40 நோயாளிகளை வைத்து 12 வாரம் ஒரு ஆய்வு நடந்து 2021இல் வெளியானது. தினமும் 30 கிராம் அரிசி அல்லது கோதுமை மாவுக்குப் பதில் பலாக்காய் மாவைச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு ஹெச்.பி.ஏ.1.சி. ஓரளவு குறைந்தது. சின்ன ஆய்வுதான், குறைந்ததும் கொஞ்சம்தான். ஆனால் அங்கேயும் தத்துவம் இதேதான்: கூடுதலாகச் சாப்பிடவில்லை, ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைத்தார்கள். எங்க வீட்டிலும் சீசனில் வாரம் ஒருநாள் பலாப்பிஞ்சுக் கறி உண்டு.

மூணு மாசம் கழித்து எடுத்த டெஸ்டில் அப்பாவுக்கு 7.8. இதைச் சுரைக்காய் சாதித்ததுன்னு நான் சொல்ல மாட்டேன். மாத்திரை, சாயங்கால நடை, விட்டுப்போன மூணு டீ எல்லாத்துக்கும் பங்கு இருக்கு. சுரைக்காய் செய்த வேலை வேற. “சாப்பிட்டாச்சாப்பா?” என்று கேட்டால் இப்போ “சாப்பிட்டாச்சு” என்கிறார். அம்மா, தம்பி, ஆயா எல்லாருக்கும் ராத்திரி அதே கடாயிலிருந்துதான். தம்பிக்கு மட்டும் இடியாப்பம் முக்கால், சுரைக்காய் கால்.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறீங்க இல்லையா? வீட்டில் யாராவது தனியாக ஒரு கிண்ணத்தில் எதையோ குடித்துக்கொண்டிருக்காங்களான்னு பாருங்க. இருந்தால், உங்க ஊர்ச் சந்தையில் அன்னைக்கு எந்தக் காய் மலிவோ அதை வாங்குங்க. முதல் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்க. பிறகு வீட்டுக்கே ஒரே சமையலாகச் செய்யுங்க.