நாங்கள் சுட்ட காலிஃப்ளவர் பீட்ஸா

நாவுக்கு இனியவை எல்லாம் உடலுக்கு இனியவை ஆவதில்லை. இவ்வுண்மையை நாங்கள் பாடநூலில் படித்ததுண்டு. ஆனால் அது மனத்தில் பதிந்தது மனையியல் கூடத்து அடுப்படியில்தான்.

எங்கள் விடுதிச் சிஸ்டரின் நாமவிழா நெருங்கியது. ஆண்டுதோறும் கேக் வெட்டி எங்கள் அனைவருக்கும் ஊட்டும் சிஸ்டர், தாம் மட்டும் ஒரு துணுக்கும் உண்ண மாட்டார். அவருக்குச் சர்க்கரை நோய். "இவ்வாண்டு சிஸ்டரும் உண்ணக்கூடிய பண்டம் ஒன்று செய்வோம்" என்று மனையியல் மாணவியர் எட்டுப் பேரும் கூடிப் பேசினோம். பாதிப்பேர் பீட்ஸா என்றோம், மீதிப்பேர் சிரித்தோம்!

பீட்ஸா இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் வளர்ந்த உணவு. அந்நகரத்தார் அதைச் சுடும் கலையை 2017-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மானிடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அதன் அடித்தட்டு கோதுமை மாவு. 100 கிராம் மைதாவில் ஏறக்குறைய 75 கிராம் மாவுச்சத்து உண்டு. 100 கிராம் காலிஃப்ளவரிலோ 5 கிராம் அளவே. எனவே மாவுக்குப் பதிலாகக் காலிஃப்ளவரைப் பயன்படுத்தும்படி ஆசிரியை வழிகாட்டினார்.

முதல் முயற்சி படுதோல்வி! துருவி வேகவைத்த காலிஃப்ளவரை அப்படியே தட்டிச் சுட்டோம். வெளிவந்தது பீட்ஸா அன்று, உப்புமா! எங்கள் வாடிய முகங்களைக் கண்ட விடுதிச் சமையற்கார அக்கா, "கண்ணுகளா, பூவுக்குள்ள அத்தனையும் தண்ணி. இட்லித் துணியில கட்டிப் பிழிங்க" என்றார். பிழிந்தோம். ஒரு டம்ளர் நீர் வந்தது!

பின்னர் செய்த முறை இது. அரைக் கிலோ காலிஃப்ளவரை மஞ்சளும் உப்பும் கலந்த வெந்நீரில் சிறிது நேரம் இட்டுப் பூச்சி நீக்கி, துருவி, இட்லிப் பானையில் எட்டு நிமிடம் வேகவைக்கவும். ஆறியபின் துணியில் இறுகப் பிழியவும். ஒரு முட்டை, மூன்று மேசைக்கரண்டி கடலை மாவு, சிறிது துருவிய சீஸ், உப்பு, மிளகுத்தூள் சேர்த்துப் பிசைந்து, எண்ணெய் தடவிய தட்டில் கால் அங்குல கனத்தில் தட்டவும். 200 டிகிரி சூட்டில் 25 நிமிடம், பொன்னிறமாகும்வரை வெறுமனே சுடவும். அதன்பின் பூண்டுடன் சுண்டவைத்த தக்காளி, வெங்காயம், குடைமிளகாய், சீஸ் பரப்பி மேலும் பத்து நிமிடம் சுடவும். அவன் அடுப்பு இல்லாதோர் கனத்த தோசைக்கல்லில் மூடிபோட்டு இளந்தீயில் சுடலாம்.

நாமவிழாவன்று தட்டைச் சிஸ்டர்முன் வைத்தோம். அவர் முதல் துண்டை எடுத்தார்; ஆனால் உண்ணவில்லை. நேரே சமையலறை வாசலுக்குச் சென்று, அங்கு நின்ற அக்காவின் கையில் கொடுத்தார். "இவருக்கும் சர்க்கரை நோய்தான், பிள்ளைகளே. உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

எங்களுக்குத் தெரியாது. ஐந்தாண்டுகளாக அவர் கையால் உண்டிருந்தும் நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் பண்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவரையே பந்திக்கு அழைக்க மறந்துவிட்டோமே என்று தலைகுனிந்தோம்.

சிஸ்டர் இரண்டு துண்டு உண்டார். மூன்றாவதை நீட்டினோம். "போதும்! சீஸில் கொழுப்பும் உப்பும் உண்டே. நல்ல உணவுக்கும் அளவு வேண்டும்" என்று சிரித்தார்.

அன்புத் தோழியரே! இப்பண்டத்தை நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். சுட்டு முடித்ததும், முதல் துண்டு யாருக்கு உரியது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். இறைவன் நம் அடுப்படியிலும் பாடம் நடத்துகிறார் என்பதை நாங்கள் அன்று அறிந்துகொண்டோம்.