முக்திநாத் விமானத்தில் குட்டிக் காமிரா

முக்திநாத் யாத்திரை போகும் சகோதரிகளே, நேபாளத்தில் பொக்ராவிலிருந்து ஜோம்சோம் வரை சின்ன விமானத்தில் சுமார் 20 நிமிஷப் பயணம் உண்டு. போகும்போது வலது ஜன்னலில் அன்னபூர்ணா (8,091 மீட்டர்), இடது ஜன்னலில் தௌலகிரி (8,167 மீட்டர்). கீழே காளி கண்டகி ஆறு. காண ரெண்டு கண் போதாது!

இதைப் படமெடுக்கத்தான் பிள்ளைகள் தீப்பெட்டி மாதிரி 'ஆக்‌ஷன் காமிரா' வாங்கித் தர்றாங்களே. கூடவே கடைக்காரர் ஒரு பை சாமானைத் தலையில் கட்டிவிடுவார். எது வேணும், எது வேண்டாம்?

ஜன்னலில் ஒட்டும் ரப்பர் பிடிப்பான் ஒன்று வேணும். சிப்பந்தியைக் கேட்டுக்கொண்டு, ஜன்னலைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

அதைவிட முக்கியம், காமிராவை ஸீட்டோடு கட்ட ஒரு கயிறு. மலைக்காற்றில் விமானம் தூக்கிப் போடும். காமிரா கழன்றால் யார் தலையிலாவது விழும். முன்னே உருண்டு விமானியின் காலடிக்குப் போனால் எல்லோருக்கும் ஆபத்து.

போலரைசர் ஃபில்டர் வேண்டவே வேண்டாம். ஜன்னல் பிளாஸ்டிக் என்பதால் படத்தில் வானவில் திட்டுகள் விழும். விமான விசிறி அரிவாள் மாதிரி வளைந்து தெரிவதைக் குறைக்க, கறுப்புச் சாயல் கொண்ட 'என்.டி.' ஃபில்டர் உதவும். விசிறி தெரியாத ஸீட்டானால் அதுவும் தேவையில்லை.

ஜன்னலில் நம்ம முகமே பிரதிபலித்தால் காமிராவைச் சுற்றி கறுப்புத் துணி போதும். காசு செலவில்லை!

உபரி பேட்டரி கைப்பையில்தான் இருக்கணும், பெட்டியில் போடக்கூடாது. குளிரில் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தால் கை ரெண்டும் சும்மா இருக்கும். காமிரா அதன் பாட்டுக்குப் பிடிக்கட்டும். நீங்க கண்ணாலே மலையைப் பாருங்க.