சாலையோரத்துக் காட்டுத் தக்காளி

காய்கறிக் கடையில் தக்காளி வாங்குவோர் ஒவ்வொரு பழத்தையும் புரட்டிப் பார்த்துப் பொறுக்குகின்றனர். மேனி முழுவதும் ஒரே சீராகச் சிவந்த பழம் கூடைக்குள் செல்கிறது. காம்பை ஒட்டிப் பச்சையோ மஞ்சளோ படர்ந்த பழம் குவியலிலேயே தங்கிவிடுகிறது. பழத்தின் தரத்தை அறியக் கண்ணே போதும் என்னும் நம்பிக்கை வாங்குவோரிடம் உண்டு; விற்போரிடமும் உண்டு. புதிய இனங்களை உருவாக்கும் வல்லுநர்களிடமும் அந்நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. அதனால் தக்காளி அழகு பெற்றது. ஆனால், தன் சுவையில் ஒரு பங்கை இழந்தது. இழந்ததை மீட்கும் வழியோ, எவரும் விரும்பிப் பறிக்காத காட்டுச்செடிகளில் இருந்தது.

தக்காளியின் தாயகம் தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதியாகும். ஆண்டிஸ் மலைச்சரிவுகளிலும் அவற்றை ஒட்டிய கடற்கரைப் பகுதிகளிலும் அதன் காட்டினங்கள் இன்றும் தாமாகவே வளர்கின்றன. அவற்றுள் பலவற்றின் கனி கோலிக்குண்டினும் சிறியது. மெக்சிகோ நிலப்பகுதியில் வாழ்ந்த உழவர்கள் பெரிய கனிகளின் விதைகளையே தேர்ந்து விதைத்து அதனைப் பயிராக்கினர். 16 ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதனை ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். பின்னர்ப் போர்ச்சுகீசியர் வழியாக அது இந்தியாவை அடைந்தது. கடல் கடந்து வந்த பொருள்களுக்குச் 'சீமை' என்னும் அடைமொழி சேர்ப்பது தமிழர் வழக்கம். அவ்வழக்கப்படி அதற்குச் சீமைத்தக்காளி என்னும் பெயரும் வழங்கியது. நாளடைவில் அடைமொழி உதிர்ந்தது. வெறும் தக்காளி என்றாலே அப்பழத்தைக் குறிக்கும் நிலை வந்தது. கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, மணத்தக்காளி ஆகிய அனைத்தும் அதன் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இந்நெடும் பயணத்தில் ஓர் இழப்பும் நேர்ந்தது. ஒவ்வொரு நாட்டிற்கும் ஒரு சில விதைகளே சென்றன. அவற்றின் வழித்தோன்றல்களே அங்கெல்லாம் பெருகின. எனவே, இன்றைய தக்காளி வகைகள் உருவத்திலும் அளவிலும் எத்துணை வேறுபட்டாலும் மரபணு அளவில் மிக நெருங்கிய உறவினர்களே. நோயைத் தாங்கும் ஆற்றல், வறட்சியைப் பொறுக்கும் ஆற்றல், மிகுந்த இனிப்பு முதலிய பண்புகளுள் பல தாயகத்துக் காட்டினங்களிடமே தங்கிவிட்டன.

ஒரு தக்காளிப் பழத்தில் நூற்றுக்கு 94 பங்கிற்கு மேல் நீரே உள்ளது. எஞ்சிய சிறு பங்கில்தான் சர்க்கரை, புளிப்பு அமிலங்கள், நார்ப்பொருள், பொட்டாசியம், வைட்டமின் சி ஆகியன அடங்கியுள்ளன. பழத்திற்கு வேண்டிய சர்க்கரையில் பெரும்பகுதியை இலைகளே உருவாக்கி அனுப்புகின்றன. எனினும், காயும் சும்மா இருப்பதில்லை. அதன் தோலிலும் சதையிலும் பச்சையம் இருக்கும் வரை அதுவும் சூரிய ஒளியைப் பயன்படுத்தித் தன் பங்கிற்குச் சர்க்கரையை உருவாக்குகிறது. காய் முற்றியபின் எத்திலீன் என்னும் வாயு அதனுள் சுரக்கிறது. அப்போது பச்சையம் சிதைகிறது, லைக்கோபீன் என்னும் சிவப்பு நிறமி பெருகுகிறது, சதை மென்மையாகிறது. லைக்கோபீன் எண்ணெயில் கரையும் தன்மை உடையது. ஆகவே, பச்சையாக உண்ணும் பழத்தைவிட எண்ணெயிட்டு வதக்கிய பழத்திலிருந்தே உடல் அதனை எளிதாக ஏற்கிறது. வைட்டமின் சி அதற்கு மாறானது. மிகுந்த வெப்பத்தில் குறைந்துவிடும்.

பழைய வகைகளில் காயின் மேற்பகுதி கரும்பச்சையாகவும் கீழ்ப்பகுதி வெளிர்பச்சையாகவும் இருந்தன. அக்காய்கள் பழுக்கும்போது நிறம் சீராக ஏறுவதில்லை. எப்போது பறிப்பது என்று அறிவதும் கடினம். இதற்கு மாறாக, மேலிருந்து கீழ்வரை ஒரே வெளிர்பச்சையாகக் காய்த்து, ஒரே சீராகச் சிவக்கும் செடிகள் 20 ஆம் நூற்றாண்டில் கண்டறியப்பட்டன. வல்லுநர்கள் அப்பண்பைப் போற்றிப் புதிய இனங்கள் பலவற்றுள் புகுத்தினர். சந்தையும் அவற்றை மகிழ்ந்து ஏற்றது.

அந்த அழகின் விலை 2012 ஆம் ஆண்டில் தெரிய வந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பவல் என்னும் அறிவியலாளரும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் சீரான நிறத்திற்குக் காரணமான மரபணுவைக் கண்டறிந்தனர். காயில் பச்சையம் செறியத் துணைபுரிவது அம்மரபணுவின் வேலை. சீராகச் சிவக்கும் இனங்களில் அது பழுதுபட்டிருந்தது. பழுதில்லாத மரபணுவைப் பெற்ற காய்கள் கரும்பச்சையாக வளர்ந்தன. பழுத்தபோது அவற்றில் சர்க்கரையும் லைக்கோபீனும் மிகுந்திருந்தன. சுவைக் குறைவிற்கு இஃது ஒன்றே காரணம் அன்று. முற்றாத காயைப் பறித்துத் தொலைவிற்கு அனுப்புவதும், பழத்தைக் குளிர்பெட்டியில் வைப்பதும் மணத்தையும் சுவையையும் குறைக்கின்றன. ஆயினும், குறை என்று ஒதுக்கப்பட்ட கரும்பச்சைத் திட்டே இனிப்பிற்கு ஓர் ஊற்றாக இருந்தது என்பது உறுதியாயிற்று.

கண் ஒதுக்கியதில் பயன் மறைந்திருந்ததற்கு அதனினும் பழைய சான்று ஒன்று உண்டு. 1962 ஆம் ஆண்டு இறுதியில் ஹியூ இல்டிஸ், டொனால்டு யூஜென்ட் என்னும் தாவரவியலாளர் இருவர் பெரு நாட்டின் மலைப்பகுதியில் பயணம் செய்தனர். அவர்கள் தேடிச் சென்றது காட்டு உருளைக்கிழங்கை. வழியில் களைபோல் படர்ந்திருந்த தக்காளிச் செடி ஒன்றைக் கண்டனர். அதன் கனி செர்ரிப் பழத்தினும் சிறியது. பழுத்தும் பச்சை நிறம் மாறாதது. உண்ணத் தூண்டும் தோற்றம் சிறிதும் இல்லாதது. எனினும், அவர்கள் அதனைக் கடந்து செல்லவில்லை. செடியை 832 என்று எண்ணிட்டுப் பதிந்தனர். விதைகளைச் சேர்த்து உலர்த்தினர். தக்காளி ஆய்வில் ஈடுபட்டிருந்தோருக்கு அனுப்பினர்.

அவ்விதைகளைப் பெற்றவர்களுள் ஒருவர் டேவிஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் ரிக். 1915 இல் பிறந்து 2002 இல் மறைந்த அவர், தம் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தக்காளிக்கே அளித்தவர். அவர் அச்சிறு பச்சைக் கனிகளை நிறத்தால் மதிப்பிடவில்லை. சாற்றை அளந்து பார்த்தார். அதில் சர்க்கரை மிகுந்திருந்தது. உடனே அச்செடியைப் பயிர்த் தக்காளியுடன் கலந்தார். பிறந்த செடிகளுள் இனிப்பு மிக்கவற்றைத் தேர்ந்து, மீண்டும் பயிர்த் தக்காளியுடன் கலந்தார். இவ்வாறு பல தலைமுறைகள் சென்றபின், பெரிய சிவந்த கனியும் மிகுந்த சர்க்கரையும் ஒருங்கே உடைய செடிகள் கிடைத்தன. பழச்சாற்றைக் காய்ச்சிக் குழம்பாக்கும் ஆலைகளுக்கு அது பெரும் பேறு. நீர் குறைந்து சத்து மிகுந்த பழத்தைக் காய்ச்ச எரிபொருள் குறைவாகவே செலவாகும். பெயரற்றுக் கிடந்த அக்களை, 1976 ஆம் ஆண்டில் தனி இனமாக அறிவிக்கப்பட்டுப் பெயரும் பெற்றது.

ரிக்கின் பொறுமைக்கு மற்றுமொரு சான்று காலபகோஸ் தீவுகளின் தக்காளி. பசிபிக் பெருங்கடலில் உள்ள அத்தீவுகளிலிருந்து வந்த விதைகள், மண்ணில் இட்டு நீர் ஊற்றியும் எளிதில் முளைக்கவில்லை. அத்தீவுகளில் அக்கனியை உண்ணும் உயிர்கள் எவை என்று அவர் எண்ணினார். அங்கு வாழும் பேராமைகள் நினைவிற்கு வந்தன. ஆமைகளுக்குக் கனியை உண்ணக் கொடுத்துச் சோதித்தார். ஆமையின் குடல் வழியே சில வாரங்கள் மெல்லக் கடந்து வெளிவந்த விதைகள் நன்கு முளைத்தன. 1961 ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியாயிற்று. ஆமை அழிந்தால் செடியின் வாழ்வும் நலியும் என்பதை அவ்விதைகள் உணர்த்தின.

ரிக்கின் பெயரைத் தாங்கிய விதைக் காப்பகம் இன்றும் டேவிஸ் நகரில் இயங்குகிறது. ஆயிரக்கணக்கான தக்காளி வகைகளின் விதைகள் அங்குக் குளிர்ந்த அறையில் பாதுகாக்கப்படுகின்றன. உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்கு அனுப்பப்படுகின்றன. இந்தியாவும் தக்காளி ஆய்வில் முன்னிற்கிறது. 14 நாடுகள் சேர்ந்து படித்தறிந்த தக்காளியின் முழு மரபணுத் தொகுதி 2012 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதன் 12 குரோமோசோம்களுள் ஐந்தாவதைப் படிக்கும் பொறுப்பை இந்திய ஆய்வாளர்கள் ஏற்றனர். பெங்களூருவை அடுத்துள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'அர்கா ரக்ஷக்' என்னும் கலப்பினம் மூன்று கொடிய நோய்களைத் தாங்கும் வலிமை உடையது. வெள்ளை ஈயால் பரவும் இலைச்சுருட்டை நோய் அவற்றுள் ஒன்று. தோட்டம் முழுவதும் அந்நோயால் சுருங்கிப்போவதைக் கண்ட உழவருக்கே அவ்வலிமையின் அருமை தெரியும். உலகெங்கும் தக்காளிப் பயிருக்கு அந்நோயைத் தாங்கும் மரபணுக்களை வழங்கியவையும் காட்டினங்களே.

அக்காட்டினங்கள் வளரும் இடங்களோ ஆண்டுதோறும் குறுகி வருகின்றன. சாலை அகலமாகும்போதும், புதிய வயல் திருத்தப்படும்போதும், மேய்ச்சல் மிகும்போதும் முதலில் மறைவது பெயரறியாத செடியே. அதற்காக வருந்துவோரும் இல்லை. அது மறைந்ததை அறிவோரும் இல்லை. பெரு நாட்டுச் சாலையில் சென்ற இருவரும் அச்செடி எதற்குப் பயன்படும் என்று அறிந்து விதை சேர்க்கவில்லை. பயன் தெரியப் பல ஆண்டுகள் ஆயின. பயன் தெரிந்த பின்னரே காப்போம் என்று அவர்கள் காத்திருந்தால், 832 என்னும் எண் எந்தக் குறிப்பேட்டிலும் ஏறியிராது.