மலாக்காவில் படகேறும் முன்

மலாக்காவுக்கு வரும் நம்மவர்கள் சிவப்புக் கட்டடத்தின் முன் படம் எடுத்துக்கொள்வார்கள். பூவும் பாட்டுமாக வரும் பெச்சாவில் ஒரு சுற்று. பிறகு ஜாலான் துக்காங் எமாஸில், 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலில் ஒரு கும்பிடு. அங்கிருந்து பொடிநடையாக ஆற்றுக்கு வந்துவிடலாம்.

ஆற்றுப் படகுச் சவாரி சுமார் 45 நிமிடம். வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். சுவரோவியம் தீட்டிய பழைய கடைகளின் பின்புறங்கள், தலையைத் தொடுமோ என்று நினைக்கவைக்கும் பாலங்கள், கரையில் படுத்திருக்கும் உடும்பு, கம்போங் மோர்டனின் மலாய் வீடுகள் என்று படகு மெதுவாகப் போகும். விளக்கு போட்டபின் அதே கம்போங் வேறு ஊராகத் தெரியும்.

இங்கே சட்டதிட்டம் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. மாநில அரசின் ஆறு, கடற்கரை மேம்பாட்டுக் கழகம் படகு விடுகிறது. டிக்கெட் வாங்குகிறோம், வரிசையில் நிற்கிறோம், ஏறுகிறோம். ஏதாவது நடந்தால் யாரைக் கேட்பது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இந்த முகத்துவாரத்தில் அது புதிதும் அல்ல. சுல்தான்கள் காலத்தில் இங்கே நான்கு ஷாபண்டார்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்தார்கள். குஜராத்தியருக்கு ஒருவர், சீனருக்கு ஒருவர், ஜாவா, மலுக்கு பக்கத்தவருக்கு ஒருவர். சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பாசாய் வணிகர்களுக்கு இன்னொருவர். 1512 முதல் 1515 வரை இங்கே இருந்த போர்த்துகீசியர் தோமே பிரெஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். கப்பல் தலைவனை பெண்டஹாராவிடம் அழைத்துப் போவது, சரக்குக்குக் கிடங்கு ஒதுக்குவது எல்லாம் ஷாபண்டார் வேலை. நாகப்பட்டினத்துக் கப்பலோட்டி, தன் குறையை யாரிடம் சொல்வது என்று தெரிந்துதான் கரையில் கால் வைத்திருப்பான்.

சுல்தான் மஹ்முட் ஷா காலத்தில் நக்கோடாக்கள் சேர்ந்து தொகுத்த மலாக்கா கடல் சட்டமும் உண்டு. கப்பலில் நக்கோடாதான் அரசன். ஆனால் புயலில் சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால், உள்ளவர்களைக் கலந்து பேச வேண்டும். நட்டத்தை அவரவர் சரக்கின் மதிப்புக்கேற்பப் பங்கிட வேண்டும். அரசனுக்கும் ஒரு கடிவாளம்!

இன்று ஆற்றை விட்டுக் கடலுக்குப் போனால் கதை வேறு. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி ஆறு மாநிலத்தின் பொறுப்பு. கப்பலும் கடற்பயணமும் கூட்டரசின் பொறுப்பு. கடலில் ஆள் ஏற்றும் படகுக்கு உரிமம் தருவது கடல்துறை இலாகா. அதற்கு அடிப்படை 1952ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம். கரையில் கடை, கார் நிறுத்துமிடம், குப்பை எல்லாம் ஊராட்சி மன்றத்தின் கையில். துணைவிதி போட மன்றத்துக்கு 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதிகாரம் தருகிறது. மலாக்காவில் அப்படி நான்கு மன்றங்கள்.

வாழைப்பழப் படகு வாடகைக்கு விடுபவரைப் பாருங்கள். மணலில் நின்று பணம் வாங்குகிறார், தண்ணீரில் ஓட்டுகிறார். மணல் ஓர் இலாகாவுக்கு, தண்ணீர் இன்னோர் இலாகாவுக்கு. நடுவில் நிற்பது நம் பிள்ளைகள்.

இதை நான் பெரிதாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஜாசின் பக்கத்துத் தோட்ட லயத்தில் பிறந்தவர் என் அம்மா. பால்மரம் வெட்டிய குடும்பம். பிறகு மரம் போய் செம்பனை வந்தது. அவர் அறிந்த தண்ணீர் வாய்க்கால்தான். நீச்சல் தெரியாது, அவர் அக்கா தங்கைகளுக்கும் தெரியாது. விடுமுறைக்கு லாரி பிடித்துத் தஞ்சோங் பிடாராவுக்குப் போவார்களாம். முழங்கால் நனைந்தால் அது பெரிய வீரம். இன்று அவர் பேரப்பிள்ளைகள் பெங்காலான் பாலாக்கில் மோட்டார் படகின் பின்னால் அலையில் குதிக்கிறார்கள். பயம் விட்டுப்போயிற்று, நீச்சல் மட்டும் இன்னும் வரவில்லை.

தோட்டத்தில் 'தண்டல்' என்றால் வெட்டுக்காட்டை மேற்பார்ப்பவர். அந்தச் சொல்லுக்குத் தமிழில் படகுத் தலைவன் என்ற பொருளும் உண்டு. கப்பல் என்ற சொல்லையும் மலாய்க்காரருக்குக் கொடுத்தவர்கள் நாம்தான். கடலோடிய பிள்ளைகளைக் காட்டுக்குள் கொண்டுவந்து வைத்தது யாரென்பது வேறு கதை.

மாநகர் மன்றத்திடம் உரிமம் பெற்றுத்தான் பெச்சா ஓட்டமுடியும். மூன்று சக்கரத்துக்கு அத்தனை கண்டிப்பு இருக்கும்போது, கடற்கரைப் படகுக்கு மன்றம் ஒரு பலகையாவது நடலாம் என்பது என் எண்ணம். உரிம எண், ஏற்றக்கூடிய ஆட்கள், புகார் செய்யத் தொலைபேசி எண், இவ்வளவு போதும். தமிழிலும் இருந்தால் தாத்தா பாட்டிகள் படிப்பார்கள். படகோட்டிகளை விரட்டச் சொல்லவில்லை. அவர்களில் பலர் மீன் குறைந்ததால் இத்தொழிலுக்கு வந்தவர்கள். உரிமம் வைத்து ஒழுங்காக ஓட்டுபவரின் வாடிக்கையை, எதுவும் இல்லாதவர் பறிப்பதுதான் அநியாயம்.

பூலாவ் பெசார் தீவுக்குப் போக அஞ்சோங் பத்து படித்துறைக்குப் போயிருந்தேன். எழுபது வயது பாட்டி ஒருவர், படகில் கால் வைக்கும் முன், "தம்பி, இதுல எத்தன பேரு ஏறலாம்?" என்று தமிழிலேயே கேட்டார். மலாய்க்காரத் தம்பிக்குப் புரியவில்லை. பாட்டி ஆட்களை விரலால் எண்ணிக் காட்டினார். அவர் சிரித்தபடி எண்ணைச் சொல்லிவிட்டு, லைஃப் ஜாக்கெட்டை எடுத்துவந்து அவருக்கு மாட்டிவிட்டார். பின்னால் நின்ற எல்லோரும் தங்களுக்கும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.